கோப்ரலின் முதுகுப்பை

எங்கள் வெங்காயக் கொட்டிலின் நடுத்தூணில் ஓர் ஆணி இருந்தது. அதில் பச்சை நிற முதுகுப்பை ஒன்று தொங்கும். பச்சை என்று பழக்கத்தில்தான் சொல்கிறேன். வெயிலிலும் வியர்வையிலும் கிடந்து அது காய்ந்த பாசியின் நிறத்துக்கு வந்திருந்தது. தோள்பட்டிகளின் உட்பக்கம் தேய்ந்து மினுமினுத்தது. ஒரு பட்டி எப்போதோ அறுந்து, கறுப்பு நூலால் தடிப்பாகத் தைக்கப்பட்டிருந்தது. சுற்றிலும் கட்டுக் கட்டாகச் சின்ன வெங்காயம் தொங்க, நடுவில் அந்தப் பை வேறெங்கோ போகிற வழியில் தங்கிவிட்ட ஆளைப் போல இருக்கும். அதன் சொந்தக்காரர் வரம்பில் வேலை செய்யும்போது மட்டும்தான் அதை ஆணியில் காணலாம். மோட்டர் கொட்டிலுக்குப் போனாலும், சந்திக் கடைக்குப் பாண் வாங்கப் போனாலும் அவர் அதை முதுகில் மாட்டிக்கொண்டுதான் போவார்.

அவரை நாங்கள் கோப்ரல் என்றே கூப்பிட்டோம். சிலாபம் பக்கத்துக் கடற்கரைக் கிராமம் ஒன்றில் பிறந்தவர். வீட்டில் சிங்களமும் தெருவில் தமிழும் பேசி வளர்ந்தவர். காலாட்படையில் சேர்ந்து வன்னிக் காடுகளில் வருடக்கணக்காக நடந்து, யுத்தம் முடிந்த பிறகு சேவைக்காலம் நிறைந்து, கோப்ரல் பதவியோடு வெளியே வந்திருந்தார். மனைவி தலவிலக்காரி. அன்னம்மாள் கோயில் திருநாள் காலத்தில் மெழுகுதிரி விற்கிற குடும்பம். அந்த வழியாகத்தான் அவர் கற்பிட்டி மணலுக்கு வந்து சேர்ந்தார். குறிஞ்சிப்பிட்டியில் என் வாப்பா குத்தகைக்கு எடுத்திருந்த வெங்காயத் தோட்டத்துக்கு நம்பிக்கையான ஆள் ஒருவர் தேவைப்பட்ட நேரம் அது. ஆமிக்காரனை எதற்குத் தோட்டத்தில் வைக்கிறீர்கள் என்று சொந்தக்காரர்கள் சிலர் கேட்டபோது, "அவர் வெங்காயத்துக்குத் தண்ணி காட்ட வந்திரிக்கார். வேற எதுக்கும் இல்ல" என்று வாப்பா அந்தக் கதையை முடித்துவிட்டார்.

நாங்கள் மன்னார்க்காரர். தொண்ணூறில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது எனக்குப் பள்ளிக்கூடத்துக்குச் சேர்க்கிற வயது. வாப்பாவின் கழுத்தில் உட்கார்ந்து வந்தது மட்டும் நினைவிருக்கிறது. புத்தளத்து அகதி முகாமில் ஓலைக் கொட்டிலில் வளர்ந்து, படித்து, கோப்ரல் எங்களிடம் வந்த காலத்தில் நான் கற்பிட்டியில் ஆசிரியையாக இருந்தேன். பள்ளிக்கூடம் விட்டதும் தோட்டத்துக்குப் போவேன். வாப்பாவுக்குச் சீனி வருத்தம், நீரிழிவு. மாத்திரை போட்டாரா, நேரத்துக்குச் சாப்பிட்டாரா என்று பார்ப்பது என் பொறுப்பு.

கோப்ரல் நடக்கிற விதம்தான் முதலில் என் கண்ணில் பட்டது. இடுப்பிலிருந்து சற்று முன்னால் சாய்ந்து, தலையை மட்டும் நிமிர்த்திக்கொண்டு நடப்பார். எதிர்க்காற்றில் நடக்கிறவர் போல இருக்கும், காற்றே இல்லாத நாளிலும். ஒருநாள் பையை மாட்டாமல் கொட்டிலிலிருந்து கிணற்றடி வரை வந்தார். பாதி வழியில் நின்று, தூணைப் பிடிக்கிறவர் போல ஒரு கையை வெறும் காற்றில் நீட்டினார். என்ன என்று வாப்பா பதறிப்போய்க் கேட்டார்.

"ஒண்டுமில்ல முதலாளி. பாரம் இல்லாம நடந்தா முன்னால விழுற மாதிரி இருக்கு. எத்தன வருசம் முதுகுல பாக்கோட நடந்தது. முதுகுக்கு யுத்தம் முடிஞ்சது தெரியாது."

அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். வாப்பாவும் சிரித்தார். ஆனால் அன்று அஸர் தொழுகை முடிந்து, கொட்டிலில் வெறுந்தேத்தண்ணீர் குடிக்க உட்கார்ந்தபோது வாப்பா அந்தப் பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பிடி உள்ள என்னதான் வெச்சிரிக்கீங்க கோப்ரல்? பொன்னா?"

கோப்ரல் மறுபேச்சு இல்லாமல் பையை இறக்கினார். முதலில் சுருட்டி வைத்திருந்த தடித்த தரைவிரிப்பை எடுத்துத் தரையில் விரித்தார். ஈரம் ஏறாத துணி. காட்டில் அதுவே பாய், அதுவே கூரை, மழைக்கு அதுவே உடுப்பு என்றார். காயம்பட்டவனைத் தூக்குவதும் அதில்தான், செத்தவனைச் சுற்றுவதும் அதில்தான். அதன்மேல் ஒவ்வொன்றாக வைத்தார். அலுமினியக் கோப்பை செருகிய தண்ணீர்ப் போத்தல்கள். ஒன்றுக்குள் ஒன்று அடங்குகிற சாப்பாட்டு டின். மடக்கு மண்வெட்டி. சுருட்டிய நைலோன் கயிறு. நுளம்பு வலை. பொலித்தீனில் சுற்றிய உப்பு, தீப்பெட்டி, ஒரு சோடிக் காலுறை. துவக்கையும் இரும்புத் தொப்பியையும் ரவைக்கூடுகளையும் விலகும்போது திருப்பிக் கொடுத்தாகிவிட்டது. இந்தப் பையும் சாமான்களும் பழைய சாமான் விற்கிற கடையில் தானே வாங்கிச் சேர்த்தவை என்றார். அரசாங்கம் கொடுத்ததைப் போலவே ஒவ்வொன்றும் இருக்க வேண்டும் என்று தேடித் தேடி வாங்கியிருந்தார். எதை எந்த அறையில் வைப்பது என்பதும் பழைய ஒழுங்குதான். இருட்டில் கை போனால் தேடக் கூடாது என்றார்.

வாப்பா ஒவ்வொன்றையும் கையில் எடுத்துப் பார்த்தார். மடக்கு மண்வெட்டியை விரித்து, மடக்கி, மறுபடி விரித்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"நாங்க வெளிக்கிட்டப்ப எங்களுக்கு என்ன எடுக்கோணும் எண்டு ஆரும் சொல்லித் தரல்ல. இவட உம்மா கையில அம்பிட்டது இடியப்ப உரல். என்ட தம்பி சுவர் மணிக்கூட்டக் கழட்டிக்கொண்டு வந்தான். வழி நெடுக அது அடிச்சுக்கொண்டே வந்திச்சு. தண்ணிப் போத்தல் ஒருத்தரிட்டயும் இல்ல."

கோப்ரல் விரித்திருந்த சாமான்களை வைத்த ஒழுங்கிலேயே திருப்பி எடுத்து வைக்கத் தொடங்கினார். தண்ணீர்ப் போத்தல் ஒன்றை மட்டும் வெளியே விட்டு, அதை வாப்பாவின் பக்கம் நகர்த்தினார். வாப்பா வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த நாளிலிருந்து தோட்டத்தில் வாப்பா அதில்தான் தண்ணீர் குடித்தார்.

பையில் இல்லாத பொருளும் ஒன்று அவரிடம் இருந்தது. சட்டையின் வலப்பக்கப் பொக்கற்றில், உறை பிரிக்காத காயக்கட்டு. பஞ்சை நடுவில் வைத்து, இரு பக்கமும் நீள நாடா விட்டுத் தைத்த கட்டு. வரம்பில் குனிந்து எழும்பும்போதெல்லாம் கை தானாகப் போய் அந்தப் பொக்கற்றைத் தொட்டுவிட்டு வரும். ஒருமுறை உம்மா தோட்டத்துக்கு வந்திருந்தபோது மீன் வெட்டி விரலை ஆழமாகக் கீறிக்கொண்டார். கோப்ரல் ஓடிவந்து தன் சாரத்தின் ஓரத்தைக் கிழித்துக் கட்டினார். பொக்கற்றில் கட்டு இருக்கும்போது ஏன் சாரத்தைக் கிழிக்கிறீர்கள் என்று நான் கேட்டேன். அவர் என்னை நங்கி என்பார், சிங்களத்தில் தங்கை.

"இது என்ட கட்டு நங்கி. ஒவ்வொருத்தனும் தன்ட கட்ட ஒரே பொக்கற்றுலதான் வெச்சிருக்கோணும். எவனுக்குக் காயம் பட்டாலும் உதவிக்குப் போறவன் காயம் பட்டவன்ட பொக்கற்றுல கை விட்டு அவன்ட கட்ட எடுத்துத்தான் கட்டோணும். தன்டத எடுக்கக் கூடாது. அடுத்த நிமிசம் தனக்குப் பட்டா?"

பிறகு, உம்மாவின் விரலைப் பார்த்தபடியே, தன் நண்பன் ஒருவனைப் பற்றிச் சொன்னார். ஒரே நாளில் படையில் சேர்ந்தவர்கள். காட்டுக்குள் ஒரு மத்தியானம் நண்பனுக்கு அடிபட்டபோது அந்தச் சட்டம் இவருக்கு மறந்துபோனது. தன் கட்டை எடுத்துக் கட்டினார். அது நனைந்ததும் நண்பனுடையதையும் எடுத்துக் கட்டினார். இரண்டும் போதவில்லை. அதன் பிறகு காட்டை விட்டு வெளியே வருகிற வரைக்கும் வெறும் பொக்கற்றோடு நடந்ததாகச் சொன்னார். பயமாக இருந்ததா என்று உம்மா கேட்டார். "பயம் இல்ல அம்மா. உடுப்பில்லாத மாதிரி" என்றார். உம்மா அதற்குப் பிறகு அவரைத் தம்பி என்று கூப்பிடத் தொடங்கினார்.

வடக்குப் பாதைகள் திறந்து, எங்கள் ஊர்க்காரர்கள் சிலர் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். ஊர் இல்லை, காடுதான் இருக்கிறது என்றார்கள். வீட்டுக்குள் பாலை மரம் நிற்கிறது, ஆனை படுக்கிறது என்றார்கள். அந்தக் கதைகள் வாப்பாவுக்கு நித்திரையைக் கெடுத்தன. ஒருமுறை என்றாலும் எங்கள் வீட்டு வளவில் கால் வைத்துவிட்டு வர வேண்டும் என்றார். உம்மா உறுதியாக மறுத்தார்.

"எனக்கு அங்க என்ன இரிக்கி? இருவது வருசம் ஓலக் கொட்டில்ல கிடந்து இப்பத்தான் ஒரு கல்லு வீட்டுக்குள்ள இருக்கிறம். இனி ஒருக்காக் காட்டுல கொண்டுபோய் விடப் போறீங்களா?"

"இருக்கப் போகல்ல. பார்க்கத்தான் போறன்."

"பார்த்தா இருக்கச் சொல்லும்."

வாப்பா கோப்ரலிடம் கேட்டார். அவருக்கு அந்தப் பக்கத்துக் காடு தெரியும் என்பது எங்களுக்குத் தெரிந்திருந்தது. கோப்ரல் தலையைக் குனிந்துகொண்டு, இனிக் காட்டுக்குள் போவதில்லை என்று முடிவெடுத்திருப்பதாகச் சொன்னார். வாப்பா வற்புறுத்தவில்லை. ஆனால் அடுத்த வாரம் கோப்ரல் தானாக வீட்டுக்கு வந்து, கதிரையின் நுனியில் உட்கார்ந்து, "நான் வராட்டியும் முதலாளி போவீங்க. அப்ப நான் வாறது நல்லம்" என்றார். உம்மா ஒரு நிபந்தனை போட்டார். மாத்திரை பார்க்க நானும் போக வேண்டும்.

போகிற நாள் காலை, சுபஹு தொழுதுவிட்டு வெளியே வந்தால் கோப்ரல் வாசலில் நிற்கிறார். எனக்கும் வாப்பாவுக்கும் நீளக் கை சட்டை போட்டிருக்கிறதா, மூடிய சப்பாத்து இருக்கிறதா என்று பார்த்தார். ஆளுக்கொரு போத்தல் தந்தார். வாப்பாவின் சட்டையில் இடப்பக்கப் பொக்கற்றில் சீனி இறங்கினால் சப்ப டொபிகளும் வலப்பக்கப் பொக்கற்றில் ஒரு காயக்கட்டும் வைத்து, பொக்கற்றுக்கு ஊசி குத்தினார். எனக்குப் பொக்கற் இல்லாததால் என் கைப்பையின் வலப்பக்க அறையில் வைத்தார். வாப்பா சின்னப் பிள்ளையைப் போலக் கைகளை விரித்துக்கொண்டு நின்றார். உம்மா கதவோரத்தில் நின்று சிரிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

வாடகை வான் அனுராதபுரம் சுற்றிப் போய், வெயில் ஏறுகிற நேரத்தில் எங்களை ஒரு செம்மண் பாதையின் முனையில் விட்டது. அதற்கப்பால் வான் போகாது. சாரதி அங்கேயே நின்றுகொண்டார். கண்ணிவெடி அகற்றி முடித்த பகுதி என்று ஊர்க்காரர்கள் சொல்லியிருந்தார்கள். அப்படியிருந்தும் கோப்ரல் தான் முன்னால் நடந்து, தன் கால் பட்ட இடத்தில்தான் நாங்கள் கால் வைக்க வேண்டும் என்றார். வண்டிப் பாதையாக இருந்த இடத்தை வாப்பா காட்டினார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. விடத்தல் முள்ளும் சூரைப் பற்றையும் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. பாலையும் வீரையும் தலைக்கு மேல் கூடியிருந்தன. காட்டுக்குள் நுழைந்ததும் கோப்ரலின் நடை மாறியதைக் கவனித்தேன். மணலில் கோணலாகத் தெரிந்த அந்தச் சாய்வு இங்கே பொருந்திவிட்டது. பையின் கனத்தோடு அவர் சத்தமில்லாமல் போனார். முள்ளுக் கொப்புகளை விலக்கி, நாங்கள் கடக்கும்வரை பிடித்திருந்து, பிறகு விட்டார். கழுத்துப் பின்புறம் முழுக்க வியர்த்திருந்தது.

பள்ளிவாசலைத்தான் முதலில் கண்டோம். கூரை இல்லை. தொழுமுன் கைகால் கழுவி ஒளுச் செய்கிற தண்ணீர்த்தொட்டிக்குள் ஒரு மரம் முளைத்து வெளியே வந்திருந்தது. வாப்பா படியில் உட்கார்ந்து, சப்பாத்தைக் கழற்றிவிட்டு, உள்ளே போய்ச் சருகுகளின் மேலேயே இரண்டு ரக்அத் தொழுதார். திரும்பி வந்தபோது கோப்ரல் படியருகே அசையாமல் நின்றார்.

"முதலாளி, நான் இங்க இருந்திருக்கிறன்."

வாப்பா அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"இந்தப் படிதான். மழைக்காலம். கொஞ்ச நாள் இங்க இருந்திட்டுத்தான் முன்னுக்குப் போனோம். ஊர்ப் பேரு எங்களுக்குத் தெரியாது. ஒரு நம்பர்தான் சொன்னாங்க."

நான் வாப்பாவின் முகத்தைப் பார்க்கப் பயந்தேன். கோபப்படுவார் என்று நினைத்தேனா, அழுவார் என்று நினைத்தேனா, இப்போது சொல்லத் தெரியவில்லை. வாப்பா கோப்ரலின் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தார். அப்போது என்ன என்ன நின்றது, சொல்லுங்கள் என்றார். எந்த வீட்டுக்குச் சுவர் இருந்தது, கடைத்தெருப் புளியமரம் நின்றதா, கிணற்றில் தண்ணீர் இருந்ததா. நாங்கள் இல்லாத அத்தனை வருடங்களையும் வாப்பா அவரிடம்தான் கேட்டார். வேறு யாரிடம் கேட்பது? அந்த வருடங்களில் எங்கள் ஊரைக் கண்ணால் கண்டவர், எங்களுக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான்.

கோப்ரல் யோசித்து யோசித்துச் சொன்னார். தெரியாததைத் தெரியாது என்றார். வீடுகளுக்குக் கூரை இல்லை. சுவர்கள் நின்றன. பள்ளிவாசல் கிணற்றில் கயிறு கட்டிக் கோப்பையை இறக்கித் தண்ணீர் எடுத்தார்கள். "நல்ல தண்ணி முதலாளி. உப்பில்ல. அதுக்குப் பிறகு அப்பிடித் தண்ணி குடிக்கல்ல." வாப்பா என்னைப் பார்த்து, "கேட்டியா?" என்றார். கற்பிட்டிக் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கும்போதெல்லாம் எங்கள் ஊர்த் தண்ணீரைப் பற்றிச் சொல்வார், நாங்கள் நம்பியதில்லை. பிறகு கோப்ரல் ஒரு தேசி மரத்தைப் பற்றிச் சொன்னார். ஏதோ ஒரு வீட்டுக் குசினிக்குப் பின்னால், தண்ணீர் வழிந்தோடுகிற பக்கம், நிறையக் காய்த்து நின்றதாம். தோல் தடித்த, பெரிய எலுமிச்சங்காய்கள். உப்பும் சீனியும் போட்டுக் கரைத்துக் குடித்தார்களாம். வாப்பா எழும்பிவிட்டார்.

"எங்கட வீட்டுத் தேசி. இவட உம்மா நட்டது."

"அது எந்த வீடு எண்டு எனக்குத் தெரியாது முதலாளி. எல்லா வீட்டுக்கும் தேசி இருந்திருக்கும்."

"தோல் தடிப்பு எண்டீங்களே?"

"ஓம். தடிப்புத்தான்."

கிணறு பாதி தூர்ந்திருந்தது. கோப்ரல் கயிற்றில் கோப்பையை இறக்கித் தண்ணீர் எடுத்து, மூன்று கல் வைத்து, சாப்பாட்டு டின்னில் கொதிக்கவைத்துத் தேத்தண்ணீர் போட்டார். ஊறிய சருகின் மணம் அடித்தது. வாப்பா கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். எனக்கு அதில் தனிச் சுவை ஒன்றும் தெரியவில்லை என்பதை நான் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு வாப்பாவை நிறுத்த முடியவில்லை. வரிசையாக நடக்கச் சொன்னதை மறந்து, இதோ இந்த ஒழுங்கைதான், இதோ வளவுதான் என்று பற்றைகளுக்குள் புகுந்து போனார். கோப்ரல் சத்தம் போட்டுக் கூப்பிட்டார். அந்தக் குரலை அதற்கு முன் நான் கேட்டதில்லை. வாப்பா திரும்பிப் பார்த்தார். அடுத்த கணம் ஆளைக் காணவில்லை.

கொடி மூடிய ஒரு பதுங்குகுழிக்குள் விழுந்திருந்தார். சண்டைக் காலத்தில் வெட்டியது. மழை அரித்தும் அதன் சுவர் நேராக நின்றது. கோப்ரல் விளிம்புக்கு வந்து நின்றார். ஒரு மூச்சு நேரம் அவர் உள்ளே இறங்காமல் அப்படியே நின்றதை நான் கண்டேன். "கோப்ரல்" என்று வாப்பா உள்ளிருந்து கூப்பிட்டார். அவர் பையைக் கழற்றிப் போட்டுவிட்டுக் குதித்தார்.

வாப்பாவின் வலக்காற் கணுக்கால் முறிந்து, முழங்காலுக்குக் கீழே கல் கிழித்து இரத்தம் வடிந்தது. கோப்ரலின் கை தன் பொக்கற்றுக்குத்தான் முதலில் போனது. உறையைப் பாதி வெளியே எடுத்தும் விட்டார். பிறகு நிறுத்தினார். தன்னுடையதைத் திரும்ப உள்ளே வைத்துவிட்டு, வாப்பாவின் சட்டையில் ஊசியைக் கழற்றி, வாப்பாவின் கட்டை எடுத்துப் பிரித்தார். "முதலாளிட கட்டு, முதலாளிக்கு" என்று தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டார். காலின் இருபுறமும் தடி வைத்து நாடாவால் இறுக்கினார். கட்டின் மேல் ஒரு சின்ன வட்டமாக இரத்தம் ஊறி, அத்தோடு நின்றது. அது நின்றதைப் பார்க்கும்வரை அவர் கையை எடுக்கவில்லை.

"இது நீங்க வெட்டின குழியா?" வாப்பா வலியோடு கேட்டார்.

கோப்ரல் சுவரைத் தடவிப் பார்த்தார். "தெரியாது முதலாளி. அவங்களும் இப்பிடித்தான் வெட்டினாங்க."

"நான் எங்கட வளவுல இந்த மூலையில தென்னங்கன்று வைக்க நினைச்சிருந்தன்" என்றார் வாப்பா.

வான் நின்ற இடம் தூரம். கைத்தொலைபேசியில் தொடர்பு இல்லை. இருவருமாக வாப்பாவைக் குழிக்கு மேலே ஏற்றினோம். கோப்ரல் பையிலிருந்த தரைவிரிப்பை எடுத்து மடித்து, வாப்பா உட்காரத் தொட்டில் போலக் கட்டி, முனைகளைத் தன் தோளில் கயிற்றால் பிணைத்தார். வாப்பாவை முதுகில் ஏற்றிக்கொண்டு எழுந்தார். நான் அந்தப் பையைத் தூக்கப் போனேன். அதன் கனம் அப்போதுதான் தெரிந்தது. ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு சாய்ந்துவிட்டேன்.

"விடுங்க நங்கி. தண்ணிப் போத்தல மட்டும் எடுங்க."

"உங்கட சாமான் எல்லாம் இதுலதானே?"

"ரெண்டையும் கொண்டுபோக ஏலாது. விடுங்க."

குழியின் விளிம்பில் அதை வைத்துவிட்டு நடந்தோம். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. நான்தான் பார்த்தேன். கறுப்பு நூல் தைத்த பட்டி மேலே தெரிய, அது சருகில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது.

வழியில் வாப்பாவுக்கு டொபி ஒன்றை உரித்து வாயில் வைத்தேன். அவர் அதைச் சப்பிக்கொண்டே, "பாரம் கூடவா கோப்ரல்?" என்றார். கோப்ரலுக்கு மூச்சு வாங்கியது. "அந்தப் பாக்கைவிடக் குறைவுதான் முதலாளி. என்ன, பாக் கதைக்காது" என்றார். வாப்பா சிரித்த சிரிப்பில் கால் அசைந்து, ஐயோ என்று கத்தினார். அதற்குப் பிறகும் பேச்சை விடவில்லை. வான் நின்ற இடம் வரும்வரை, கிணற்றுத் தண்ணீரைப் பற்றி இன்னொரு தரம் சொல்லும்படி கேட்டுக்கொண்டே வந்தார். கோப்ரல் நின்று மூச்சு வாங்கும் இடத்திலெல்லாம் இன்னொரு தரம் சொன்னார்.

உம்மா எங்கள் எல்லாரையும் ஏசினார். மாவுக்கட்டுப் போட்டுக் கதிரையில் கிடந்த வாப்பாவை ஏசினார், என்னை ஏசினார், தம்பி என்று கூப்பிட்ட கோப்ரலையும் விடவில்லை. ஏசி ஓய்ந்து, தேத்தண்ணீர் கொண்டுவந்து வைக்கும்போது, யாரையும் பார்க்காமல் கேட்டார்.

"தேசி மரம் எண்டு இவர் சொன்னாரே. நிறையக் காய்ச்சிருந்திச்சா?"

"ஓம் அம்மா. கொப்பு முறியக் காய்ச்சிருந்திச்சு."

"என்டதா எண்டு தெரியாதாம்."

"தெரியாதுதான் அம்மா."

"என்டதுதான்" என்றார் உம்மா. "தண்ணி போற பக்கம் வைக்க வேணாம், வேர் அழுகும் எண்டு இவர் அப்பவே சொன்னவர். நான் கேக்கல்ல." அன்று முதல் மன்னார்ப் பேச்சு வந்தால் உம்மா எழும்பிப் போவதில்லை. அங்கே வளவைத் துப்புரவாக்க ஆள் போனபோது, மரம் நிற்கிறதா என்று பார்த்து வரச் சொன்னார். மரம் இருக்கவில்லை. சாச்சா, வாப்பாவின் தம்பி, தன் மகன்களோடு போய் முதல் வீட்டைக் கட்டியபோது உம்மா ஒரு தேசிக் கன்றைக் கொடுத்துவிட்டார். வாப்பாவும் உம்மாவும் போய் இருக்கவில்லை. போய்ப் போய் வந்தார்கள். வெங்காயம் இங்கே, மனம் அங்கே என்று வாப்பா சொல்வார். அது அவருக்குப் பெரிய துன்பமாக இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. இரண்டு இடமும் தன்னுடையவை என்று சொல்லக்கூடிய நிலைமை அவருக்கு அப்போதுதான் வந்திருந்தது.

பையை எடுத்துவர ஆள் அனுப்புகிறேன் என்று வாப்பா ஒன்றுக்கு இரண்டு தரம் சொன்னார். "கிடக்கட்டும் முதலாளி" என்றார் கோப்ரல். புதிதாக ஒன்று வாங்கித் தருகிறேன் என்றதற்கும் வேண்டாம் என்றார். கொஞ்ச நாள் அவர் நடப்பதற்குச் சிரமப்பட்டார். ஒரு கையை இடுப்பில் ஊன்றி, வரம்பு வரம்பாக நின்று நின்று போவார். சில நாள் உரப்பையில் வெங்காயம் நிரப்பித் தோளில் போட்டுக்கொள்வார். முதுகின் சாய்வு முழுதாக நிமிரவே இல்லை. ஆனால் ஒரு மழைக்காலம் கழிந்தபோது, சந்திக் கடைக்குப் போய்ப் பாணைக் கையில் தூக்கிக்கொண்டு, வெறும் முதுகோடு அவர் வருவதைக் கண்டேன். கொட்டிலில் அந்த ஆணியில் வாப்பா தன் தொப்பியை மாட்டத் தொடங்கினார்.

இப்போது எங்கள் ஊரில் பள்ளிக்கூடம் நடக்கிறது. பள்ளிவாசலுக்குப் புதுக் கூரை போட்டாகிவிட்டது. இடமாற்றம் வாங்கிக்கொண்டு நான் அங்கேதான் படிப்பிக்கிறேன். வகுப்பில் இருக்கும் பிள்ளைகளுக்கு அங்கே காடு நின்றது தெரியாது. சொன்னால் கதை என்று நினைக்கிறார்கள். பாதை தெரியாத இடத்தில் ஒரு மனிதர் எங்கள் கால்களுக்கு இடம் காட்டிக்கொண்டு முன்னால் போனதையும் சொல்கிறேன். கோப்ரல் தலவிலயில் மனைவியின் வீட்டோடு இருக்கிறார். திருநாள் காலத்தில் மெழுகுதிரிப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். நான் போனால் எழும்பி நிற்பார்.

வாப்பா மௌத்தானது கற்பிட்டியில். வெங்காயம் பிடுங்குகிற பருவம். செய்தி கேட்டு கோப்ரல் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். உள்ளே வராமல் படலைக்கு வெளியே, வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். குளிப்பாட்டி, கபன் துணி சுற்றி, ஜனாஸாவைச் சந்தூக்குப் பெட்டியில் வைத்து எடுக்கப் போகிற நேரம், உம்மா அறைக்குள் இருந்தபடி என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி வந்திட்டாரா?"

"வெளிய நிக்கிறார் உம்மா."

"உள்ள வரச் சொல்லு. அவரும் தூக்கட்டும். அவர் தூக்கினவர்."

நான் போய்ச் சாச்சாவிடம் சொன்னேன். கூட்டத்தில் யாரோ எதுவோ முணுமுணுத்தார்கள். பள்ளிவாசல் லெப்பை ஒருதரம் கோப்ரலைப் பார்த்துவிட்டு, "அதில ஒண்டும் இல்ல, வரச் சொல்லுங்க" என்றார். சாச்சா முன்பக்கத்தில் பிடித்திருந்த தன் இடத்தை விட்டு விலகினார். கோப்ரல் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, குனிந்து, தோளைக் கொடுத்து எழுந்தார்.

மையவாடிக்கு, அடக்கம் செய்கிற இடத்துக்கு, பெண்கள் போவதில்லை. நான் படலையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஜனாஸாவைத் தூக்கிப் போகும்போது ஒவ்வொருவரும் சில அடி தூக்கிவிட்டு, பின்னால் வருகிறவர் தோளைத் தட்டியதும் இடம் விட்டுக் கொடுப்பது எங்கள் வழக்கம். எல்லாருக்கும் அந்த நன்மை கிடைக்க வேண்டும் என்பதற்காக. மற்ற மூன்று பக்கமும் ஆட்கள் மாறிக்கொண்டே போனார்கள். முன்னால் இடப்பக்கம் மட்டும், சற்றுக் குனிந்த அந்த வெள்ளைச் சட்டை மாறாமல் போய்க்கொண்டிருந்தது. பள்ளிவாசல் மதில் மறைக்கும்வரை பார்த்தேன்.

அடக்கம் முடிந்து வந்த சாச்சாவிடம் கேட்டேன்.

"கபுறுக்குழியடி வரைக்கும் அவர்தான் தூக்கினார், மகள்" என்றார் சாச்சா. "மாறச் சொல்லி ரெண்டு மூணு பேர் தோள்ல தட்டினாங்க. அவருக்கு விளங்கல்ல. பிறகு நாங்களும் தட்டல்ல."